கிரகணம் நாலு வாரம் லேட்

வயிறு கூம்பியிருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண். வலது கையை ஊன்றி எழுந்தால் ஆண், இடது கையை ஊன்றினால் பெண். 1980ல் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இந்த ஆரூடம் சொல்லத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. கட்டணம் ஒரு டம்ளர் காபி. சொன்னதில் பாதி பலிக்கும். இருப்பதே இரண்டு விடை, பாதி பலிக்காமல் எங்கே போகும்? பலித்த பாதியைத்தான் தெரு ஞாபகம் வைத்துக்கொண்டது.

குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கிறதா, முதுகுத்தண்டு மூடியிருக்கிறதா என்று யாரும் ஆரூடம் சொன்னதில்லை. அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். வாய்விட்டுக் கேட்டால் அது நடந்துவிடும் என்று பயம். "நல்லபடியா பெத்துப் பொழைச்சு வரணும்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள்.

2019 டிசம்பரில் சென்னையில் மகளை ஸ்கேனுக்கு அழைத்துப்போனபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. வரவேற்பு மேஜைக்கு மேலே பெரிய எழுத்தில் போர்டு: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், சொல்வது சட்டப்படி குற்றம். அதற்குக் கீழே ஒரு படிவம். பாலினம் தெரிந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை என்று வயிற்றுப் பிள்ளைக்காரி கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் பக்கமே விடுவார்கள். மகளின் மாமியார், என் சம்பந்தியம்மா, போர்டை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு காசு வாங்குறாங்க, அதைக்கூடச் சொல்ல மாட்டாங்களாமே?" என்றார்.

சொல்லாததற்கு ஊர்தான் காரணம். 1970களில் டெல்லி எய்ம்ஸில் பனிக்குடத்து நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது குறைபாடுகளைக் கண்டுபிடிக்கத்தான். நம் மக்கள் அதில் கண்டுபிடித்த ஒரே குறைபாடு, பெண்ணாக இருப்பது. அதன் பிறகு ஸ்கேன் வந்தது, வேலை இன்னும் சுலபமாயிற்று. இங்கே உசிலம்பட்டியும் சேலமும் பெண்சிசுக் கொலைக்காகப் பத்திரிகையில் அடிபட்டதையும், 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்பதையும் என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலினம் சொல்வதைத் தடுத்து 1994ல் சட்டம் போட்டு 1996 முதல் நாளிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, எங்கள் காலத்தில் தெரு முழுக்கச் சொன்ன ஒரே விஷயத்தை இப்போது யாரும் சொல்லக்கூடாது. எங்கள் காலத்தில் யாரும் வாய் திறக்காத விஷயங்களை நாலு பக்கத்துக்கு அச்சடித்து, படத்தோடு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கர்நாடகம், ஆந்திரப் பக்கம் முழு சூரிய கிரகணம். எங்கள் ஊரில் பெரும்பகுதி மறைந்தது. எனக்கு மூன்று முடிந்து நாலாம் மாதம். அத்தை காலையிலேயே அரிவாள்மனையைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். கத்தி, கத்தரிக்கோல், ஊசி எல்லாம் பறிமுதல். கிரகண நேரத்தில் கர்ப்பிணி எதையாவது நறுக்கினால் பிள்ளையின் உதடு நறுக்குப்படும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளவுபட்ட உதட்டோடு ஒரு பையன் இருந்தான். அவனுக்கு வாத்தியார் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான், ஊர் கூப்பிட்டது கிரகண மூளி என்று. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கியது. குடத்து நீரில் தர்ப்பை. முற்றத்தில் தாம்பாளத்து நீரில் உலக்கை தானாக நிற்கிறதா என்று மாமா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் இருட்டறையில் வியர்த்துப்போய்ப் படுத்திருந்தேன், சொறிந்துகொள்ளக்கூட அனுமதியில்லாமல்.

அத்தை என்பது என் அப்பாவின் கூடப்பிறந்தவர். அவர் மகனைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். இது பின்னால் தேவைப்படும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருந்தது. ரெட்டைப் பிள்ளை என்று தெரு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. கிரகணம் பிடித்திருந்த நேரத்தில் அவர் மாடிக்குப் போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்துவந்தாராம். எடுத்துவந்ததைப் பார்த்தவர் யார் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. எல்லோரும்தான் உள்ளே இருந்தார்களே. ஏப்ரலில் பெரியாஸ்பத்திரியில் பிரசவம். ரெட்டை இல்லை, ஒன்றுதான். மண்டையோட்டின் மேல்பகுதி உருவாகாத குழந்தை. நர்ஸம்மா துணியால் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்குக் காட்டவில்லை. என்ன பிள்ளை என்றும் சொல்லவில்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்திருந்தது: கண் பிதுங்கி இருந்ததாம், தவளை போல இருந்ததாம். பெற்றவள் ஒருத்திதான் பார்க்கவில்லை.

என் வளைகாப்புக்கு அத்தை வீடுவீடாகக் குங்குமச் சிமிழ் எடுத்துக்கொண்டு போனார். எதிர்வீட்டுக்குப் போகவில்லை. வளையல் என் கைக்கு. அழைப்பு அத்தை கையில்.

பல வருஷம் கழித்து நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு தேதி என்னைப் பிடித்து நிறுத்தியது. லண்டனிலிருந்து வரும் லான்செட் மருத்துவ இதழின் 1980 பிப்ரவரி 16 இதழ். ஆமாம், அதே சனிக்கிழமை. நான் சொறிந்துகொள்ளாமல் படுத்திருந்த அதே நாள் தேதியிட்ட இதழில், லீட்ஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸும் கூட்டாளிகளும் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவுக்குப் பிறந்ததைப் போன்ற குழந்தையோ, முதுகுத்தண்டு மூடாத குழந்தையோ முன்பு பெற்ற பெண்களுக்கு, அடுத்த கர்ப்பம் உண்டாவதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் உள்ளிட்ட வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டவர்களில் 178 பேருக்கு ஒன்றுதான் அப்படி ஆனது. எடுத்துக்கொள்ளாதவர்களில் 260க்கு 13.

உலகம் உடனே எழுந்து நின்று கைதட்டியிருக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. பரிசோதனை முறை சரியில்லை, யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லையே என்றார்கள். அப்படிப் பிரிப்பது அறமா என்று இன்னொரு கூட்டம் சண்டை போட்டது. முறையாகச் செய்து முடித்து, போலிக் அமிலம் கொடுத்தால் பத்தில் ஏழு பங்கு தடுக்கலாம் என்று அடித்துச் சொல்ல 1991 ஆயிற்று. பதினோரு வருஷம். நம் தெரு மாடிக்குப் போன ஒரு பெண்மேல் குற்றம் சாட்ட ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தப் போலிக் அமிலம் எங்கள் ஊருக்குள்ளேயே இருந்தது. 1970லிருந்து அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுத்த சத்து மாத்திரையில் இரும்போடு அதுவும் சேர்ந்திருந்தது. சுகாதார நிலையத்தில் வாங்கி, வரும் வழியில் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வருவது வழக்கம். தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. வேலியோரம் முளைத்த கீரைக்கு எந்தக் குறையும் வந்ததில்லை. ஆனால் ஒழுங்காக விழுங்கியிருந்தாலும் இந்த விஷயத்துக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். அதாவது தலைக்கு ஊற்றுவது தள்ளிப்போய், இது அதுவாக இருக்குமோ என்று பெண் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடுகிறது. மாத்திரை கொடுத்ததோ நாலாம் மாதம். எதிர்வீட்டு அக்காவுக்கு அந்தக் குழாய் மூடாமல் போனது 1979 ஆகஸ்ட் வாக்கில். கிரகணம் வந்தது ஆறு மாதம் கழித்து. வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்ததும் இதனால்தான்: குழந்தை சரியாக விழுங்காவிட்டால் பனிக்குடத்து நீர் சேர்ந்துகொண்டே போகும். தெரு ரெட்டை என்று பார்த்துப் பூரித்தது அதைத்தான்.

ஸ்கேன் மெஷினின் பூர்வீகமும் சுவாரசியமானது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, 1955ல் பெண்களின் வயிற்றிலிருந்து அகற்றிய கட்டிகளை இரண்டு காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு பாய்லர் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். இரும்புத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இருந்தது. கட்டியின்மேல் வைத்துப் பார்த்தார்கள். எது நீர், எது சதை என்று பிரித்துக் காட்டியது. டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மக்விகர் என்ற மருத்துவரும் கூடச் சேர, 1958ல் வயிற்றுப் பிள்ளையின் தலை லான்செட்டில் படமாக வந்தது. விரிசல் தேடவே பிறந்த கருவி அது. நாம்தான் அதனிடம் போய் "பாப்பா எப்படி சிரிக்குது பாருங்க" என்று ஆல்பம் கேட்கிறோம்.

அந்த டிசம்பர் ஸ்கேனின்போது மகளுக்கு 12ஆம் வாரம். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் நீர் எவ்வளவு தடிமன் என்று மில்லிமீட்டரில் அளந்தார்கள். அந்த நீர் அதிகமானால் குரோமோசோம் கோளாறு இருக்கலாம் என்பதை 1992ல் லண்டனில் நிகோலைடிஸ் என்ற மருத்துவரின் குழு சொன்னது. மகளின் ரத்தத்தில் இரண்டு பொருளை அளந்து, வயதையும் கூட்டிக் கழித்து, ரிப்போர்ட் வந்தது. டவுன் சிண்ட்ரோம்: 180ல் 1. பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் ஹை ரிஸ்க்.

180ல் 1 என்றால் 179 பேருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஸ்கேன் டாக்டரம்மா அதைப் பொறுமையாகச் சொன்னார். 250க்குக் கீழே வந்தாலே கம்ப்யூட்டர் சிவப்பில் போட்டுவிடும், இது தீர்ப்பு இல்லை, அடுத்த சோதனைக்குப் போகலாமா என்று கேட்பதற்கான மணி, அவ்வளவுதான் என்றார். வீட்டில் யாருக்கும் காதில் ஏறவில்லை. இதே மகளுக்கு ஜாதகம் பார்த்தபோது பத்துப் பொருத்தத்தில் ஏழு இருக்கிறது என்று ஜோசியர் சொன்னார்; எழுபது சதவீதம். "ஏழு இருக்கே, தாராளம்!" என்று இதே சம்பந்தியம்மா அன்றைக்கே தட்டை மாற்றினார். ஆயுளுக்கும் சேர்ந்து வாழ எழுபது போதும். இங்கே தொண்ணூற்று ஒன்பதரைக்குக் கிட்ட வந்தும் பூஜையறையில் விளக்கு இரண்டு வாரம் அணையவில்லை.

ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுப்பது ஒரு வழி. கரு கலையும் அபாயம் சொற்பம் என்றாலும் உண்டு. இன்னொன்று, தாயின் கைரத்தமே போதும் என்கிற சோதனை. தாயின் ரத்தத்தில் பிள்ளையின் டிஎன்ஏ துணுக்குகள் மிதக்கின்றன என்று 1997ல் டென்னிஸ் லோ காட்டினார். 2011க்குப் பிறகு அது கடைச்சரக்காயிற்று. மகள் கைரத்தத்தைக் கொடுத்தாள். குழாய் வெளியூர் ஆய்வகத்துக்கு விமானம் ஏறியது. நாங்கள் திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறினோம்.

அப்போதுதான் வந்தது 2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம், இந்தத் தடவை நேராக எங்கள் ஊர்த் தலைக்கு மேலே. காலை ஒன்பதரைக்கு நெருப்பு மோதிரம். மாப்பிள்ளை எஞ்சினியர், அறிவியல் இயக்கத்துக்காரர்கள் கொடுத்த கண்ணாடியை வாங்கிவந்து மொட்டைமாடியில் தன் மனைவிக்கும் மாட்டிவிட்டார். கீழே கூடத்தில் 85 வயது அத்தை, பரணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அரிவாள்மனை இப்போது பரணில்தான் நிரந்தரமாக இருக்கிறது, மிக்ஸி வந்த நாளிலிருந்து. "நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அத்தை அப்படிச் சொன்னால் சொல்லி முடித்துவிட்டார் என்று அர்த்தம். மகளுக்கு அன்றைக்கு 13 வாரம்.

ஜனவரியில் ரத்தச் சோதனை முடிவு வந்தது. குரோமோசோமில் குறையில்லை. சம்பந்தியம்மா பழனிக்குப் போய் வந்தார். மாப்பிள்ளை, விஞ்ஞானத்துக்கு வெற்றி என்றார். பிப்ரவரி 10ஆம் தேதி அனாமலி ஸ்கேன். 19 வாரம் 4 நாள். டாக்டரம்மா தலையிலிருந்து தொடங்கினார்: மூளை, முதுகுத்தண்டு, இதயத்தின் நாலு அறை, வயிறு, சிறுநீரகம், கை, கால். எல்லாம் சரி. முகத்துக்கு வந்ததும் கருவி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மேலுதட்டில், இடது மூக்குத் துவாரத்துக்குக் கீழே, ஒரு கோடு.

உதட்டுப் பிளவு. பிறக்கும் குழந்தைகளில் சுமார் 700க்கு ஒன்று. சிவப்புக் கட்டம் போட்டு இரண்டு வாரம் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்று, வந்து நின்றது வேறு. எந்த ஆரூடக்காரிக்கும் வராத தைரியத்தில் சொல்கிறேன், இந்த ஸ்கேன்களின் இயல்பே அதுதான்: கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்காத கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும்.

அத்தையிடம் யார் போய்ச் சொல்வது? நான்தான் சொன்னேன். அத்தை வெற்றியில் பூரிக்கவில்லை. கிரகணம் என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. நானே எடுத்தேன். மேலுதட்டின் இரண்டு பக்கமும் நடுப்பகுதியோடு வந்து ஒட்டிக்கொள்வது கரு உண்டாகி ஆறு ஏழு வாரத்துக்குள். டாக்டர் கணக்கில் 9ஆம் வாரம். இவளுக்கு நவம்பர் கடைசியிலேயே அது முடிந்துவிட்டது. உங்கள் கிரகணம் நாலு வாரம் லேட் என்றேன். அத்தை யோசித்துப் பார்த்து, "கிரகணத்துக்கு முன்னாடியே தோஷ காலம் ஆரம்பிச்சிரும், பஞ்சாங்கத்துல போட்டிருப்பான்" என்றார். லான்செட்டுக்குப் பதினோரு வருஷம் பிடித்தது என்றேனே, அத்தைக்குப் பதினோரு வினாடி.

அன்றிரவு வெளிநாட்டிலிருந்து ஒரு உறவினர் போன் செய்தார். படித்தவர், மாதா மாதம் எங்களுக்கு ஆரோக்கியக் குறிப்பு அனுப்புகிறவர். "இருபது வாரம்வரை சட்டம் இருக்கு இல்லையா? இன்னும் மூணு நாள் இருக்கு. யோசிங்க" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் போனை மகளிடம் கொடுக்கவில்லை. டாக்டரம்மா மறுநாள் அதை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: இது ஆபரேஷனில் சரியாகிற விஷயம், சட்டம் சொல்கிற கடுமையான ஊனத்தில் இது வராது.

அந்த இருபது வாரக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் 1971ல் வந்தது. அப்போது நாட்டில் அனாமலி ஸ்கேன் என்ற ஒன்றே கிடையாது. பார்ப்பதற்கு மெஷின் வருமுன்னே பார்ப்பதற்குக் கெடு வந்துவிட்டது. பிறகு மெஷின் வந்தது; உறுப்புகள் தெளிவாகத் தெரிவது 18லிருந்து 20 வாரத்தில்; சட்டம் மூடுவது 20ல். மும்பையில் நிகேதா மேத்தா என்பவருக்கு 2008ல் வயிற்றுக் குழந்தையின் இதயத்தில் கடுமையான கோளாறு தெரியவந்தபோது 20 வாரம் தாண்டிவிட்டது. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அனுமதி கிடைக்கவில்லை. சில நாளில் கரு தானாகவே கலைந்தது. அந்த வழக்கு கிளப்பிய பேச்சு பல வருஷம் ஓடி, 2021ல்தான் சட்டம் மாறியது. சில பிரிவினருக்கு 24 வாரம். கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் வாரக் கெடுவே இல்லை. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். சட்டம் எங்கள் போன்காரருக்கும் இன்னும் நாலு வாரம் சேர்த்துக் கொடுத்துவிடுமோ என்ற சந்தேகமும் அதே மனதில்தான் இருக்கிறது.

மகளின் அலுவலகத் தோழி ஒருத்திக்கு 12ஆம் வார ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவுக்கு நேர்ந்த அதே குறை. அக்கா ஒன்பது மாதம் சுமந்து, வலித்து, கடைசியில் பார்க்காமல் விட்டதை, இவள் மூன்றாம் மாதத்தில் திரையில் தன் கண்ணாலேயே பார்த்தாள். பிழைக்காது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். அவளும் கணவனும் முடிவெடுத்து, சட்டப்படி கையெழுத்துப் போட்டு, ஒரு வாரம் லீவு எடுத்தார்கள். ஆபீஸில் சொன்னது வைரல் காய்ச்சல். அவளுடைய அம்மாவுக்குக்கூட அபார்ஷன் ஆகிவிட்டது என்ற அளவில்தான் தெரியும். அப்போது பெற்றவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது பெற்றவளைத் தவிர யாருக்கும் தெரிவதில்லை. மகளின் வளைகாப்புக்கு அவளை அழைத்திருந்தோம். யாரும் அவளை விலக்கவில்லை, விலக்க யாருக்கும் காரணமே தெரியாதே. அவளாகவே வரவில்லை. அன்றைக்கும் காய்ச்சலாம்.

அந்த வளைகாப்பு நடந்தது மார்ச் முதல் வாரம். மூன்று வாரத்தில் கொரோனாவால் நாடே பூட்டிக்கொண்டது. ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு சூரிய கிரகணம். மகளுக்கு 38 வாரம். சென்னையில் அன்றைக்குத் தளர்வில்லாத முழு ஊரடங்கு. மாப்பிள்ளையின் கண்ணாடி பீரோவிலேயே இருந்தது. வெளியே தலை காட்டினால் போலீஸ். 1980ல் அத்தை ஒருத்தியை உள்ளே வைக்கப் பட்டபாடு எனக்குத் தெரியும். இப்போது அரசாணை ஒன்றில் நகரம் முழுக்க, ஆண்கள் உட்பட, கிரகணத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தை போனில் விசாரித்துத் திருப்தி அடைந்தார்.

ஜூலையில் பேத்தி பிறந்தாள். உதட்டோடு மேல் அண்ணமும் கொஞ்சம் பிளந்திருந்தது. அது ஸ்கேனில் சரியாகத் தெரியாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். அண்ணம் மூடாத குழந்தையால் உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி எதில் கொடுப்பது? அதற்கென்று வெளிநாட்டு பாட்டில்கள் இருக்கின்றன, ஊரடங்கில் எதுவும் கிடைக்கவில்லை. பச்சிளங்குழந்தை மருத்துவர் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். "வீட்ல பழைய சங்கு இருக்கா, பாலாடை? அதுதான் பெஸ்ட்." வெள்ளிச் சங்கு திண்டுக்கல்லில் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. என் மகனுக்கு ஊற்றியது. மகள் பிறந்தபோது பழசு, சுகாதாரக் குறைவு என்று நானே தள்ளிவைத்தது. இ-பாஸ் வாங்கி ஒரு காரில் சங்கு மட்டும் சென்னை வந்தது. பிள்ளையை எவ்வளவு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், கன்னத்தோரம் எப்படி விட வேண்டும், எப்போது நிறுத்தி ஏப்பம் எடுக்க வேண்டும் என்று அத்தை வீடியோ காலில் வகுப்பெடுத்தார். நர்ஸ் ஒருத்தர் குறிப்பெடுத்துக்கொண்டார். அந்த மாதங்களில் அத்தை யாரையும் 'நான் ஒண்ணும் சொல்லல' என்று விடவே இல்லை.

அறுவை சிகிச்சைக்கு ஒரு பழைய பத்து விதி உண்டாம்: 10 வார வயது, 10 பவுண்டு எடை, 10 கிராம் ஹீமோகுளோபின். கொரோனாவால் தள்ளிப்போய் நவம்பரில் உதட்டைத் தைத்தார்கள், மறு வருஷம் அண்ணத்தை. தமிழ்நாட்டில் இதை இலவசமாகவே செய்யும் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. அந்தத் தகவலை போன்காரர் யாருக்கும் ஃபார்வர்டு செய்ததில்லை. பிறகு பேச்சுப் பயிற்சி. இப்போது அவள் பேசுவதை நிறுத்தத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போது மரபியல் ஆலோசகரிடம் போனார்கள். சம்பந்தியம்மாவும் நானும் கூடவே. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் சம்பந்தியம்மாவுக்கு. வேறு எதற்காகவும் அவர் மாடி ஏறியிருக்க மாட்டார். ஆலோசகர் சின்னப் பெண். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறையை வரைந்தாள். "சொந்தத்துல கல்யாணமா?" என்றாள். என்னையும் என் கணவரையும் இரட்டைக் கோட்டால் இணைத்தாள். சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆலோசகர் பேனாவை மூடாமலே சொன்னாள்: அத்தை மகன் கல்யாணத்தில் கொஞ்சம் கூடுதல் அபாயம் உண்டுதான், ஆனால் அது இந்தம்மாவின் பிள்ளைகளுக்கு, அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் மகனும் மருமகளும் சொந்தமில்லை, அதனால் இந்த இரட்டைக் கோடு கீழே இறங்காது. உதட்டுப் பிளவுக்குப் பல மரபணுக்களும் வெளிக் காரணங்களும் சேர்ந்து காரணம், ஒரு பக்கத்தைக் கைகாட்ட முடியாது. மறுபடி வர வாய்ப்பு நூற்றுக்கு நாலு வரை. கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே போலிக் அமிலம் ஆரம்பியுங்கள். சம்பந்தியம்மா, "அப்ப ரெண்டு பக்கமும் இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். அவ்வளவு ஏமாற்றமடைந்து நான் பார்த்ததில்லை, அந்த போர்டைப் படித்த நாளைத் தவிர.

பேத்திக்குக் காது குத்த ஊருக்குப் போனோம். எதிர்வீட்டு அக்கா இந்தத் தடவை கூப்பிடாமலே வந்தார். அவருக்கு இப்போது மூன்று பேரன். பேத்தியின் உதட்டுத் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா தச்சிருக்கான்" என்றார். கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தபோது நான் ஆரம்பித்தேன். 28 நாள், குழாய், போலிக் அமிலம், எல்லாவற்றையும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். நீங்கள் துணி எடுக்க மாடிக்குப் போனதற்கு ஆறு மாதம் முன்னாலேயே நடந்து முடிந்த விஷயம் அது, கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்றேன்.

அக்கா வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"நான் மாடிக்கே போகலையே. துணி எடுத்தது என் நாத்தனா." கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டார். "அது கிடக்கட்டும். கிரகணம் இல்லேன்னா அப்ப எதுக்கும்மா உன் வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடல?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை காதிலிருந்த மெஷினைக் கழற்றி அதன் டப்பாவுக்குள் வைத்து மூடி, பேத்திக்கு மிட்டாய் எங்கே என்று தேட ஆரம்பித்தார்.